ஓடைச் சரிவுக்கு ஒரு விண்ணப்பம்

என்னுடைய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்து, அந்தப் பெருமையையும் என்னிடமிருந்து பறித்துக்கொள்வீர்கள். எங்கள் தோட்டத்துக் காணியில், தோட்டத்து நிர்வாகத்துக்குத் தெரியாமல், என் அக்கா புருசன் பதினான்கு வருசமாகக் கொல்லை போட்டிருந்தார். 'ஆமாம், இவர் அங்கே பயிர் செய்கிறார்' என்று எழுதி, கையெழுத்து வைத்து, சீல் அடித்துத் தாருங்கள் என்று அந்தத் தோட்டத்துத் துரையிடமே போய் நின்றவன் நான். சும்மா போகவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

அப்போது கம்பனிக்காரர்கள் தோட்டங்களை அரசாங்கத்திடமிருந்து எடுத்து ஏழெட்டு வருசம் ஆகியிருக்கும். நான் தோட்டத்தின் தப்பால்காரன். காலையில் ஆபீசில் தோல் பையை வாங்கிக்கொண்டு நாலு மைல் இறங்கி, யட்டியாந்தோட்டையில் கடிதங்களைக் கொடுத்து, வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டு, திரும்ப நாலு மைல் ஏறவேண்டும். மற்றவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் பஜாரில் பிளேன்டீக்குச் சீனி போதாது என்று சண்டை பிடித்துக்கொண்டிருப்பேன். படிப்பு என்று பார்த்தால், சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தோடு இரண்டு தடவை மோதினேன். இரண்டு தடவையும் கணக்குத்தான் வென்றது. ஆனால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும், எழுதவும் தெரியும். இங்கிலீசு, துரை ஏசினால் என்னைத்தான் ஏசுகிறார் என்று விளங்கும் அளவுக்குத் தெரியும். இந்தப் பாண்டித்தியத்தை வைத்துக்கொண்டு தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துச் சனங்களுக்கு மனு எழுதுவது, படிவம் நிரப்புவது, அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவது எல்லாம் நான்தான். அதனால் எனக்குக் 'கவுருமெண்டு' என்று பட்டம். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதை மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன்.

மச்சான் கான் வெட்டும் கூட்டத்தில் இருந்தார். மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் ரப்பர் மலைகளில் குறுக்கே வாய்க்கால் மாதிரிக் கான் வெட்டுவதும், சரிவுகளில் கல்லுக்கட்டு அடுக்குவதும் அந்தக் கூட்டத்தின் வேலை. பகலெல்லாம் துரைக்கு அடுக்கிவிட்டு, பின்னேரம் லயத்துக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததும் தனக்கு அடுக்கப் போய்விடுவார். லயத்துக்குப் பின்னால் ஓடைக்கு இறங்கும் சரிவு அது. ரப்பர் வைக்க லாயக்கில்லை என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே கைகழுவிய இடம். ஆடுகூட நின்று யோசித்துத்தான் இறங்கும். அங்கே பதினான்கு வருசத்தில் பதினொரு கட்டு எழுப்பினார். சிமெந்து கிடையாது, சாந்து கிடையாது. கல்லின் வாய்க்குக் கல்லைக் கொடுத்து, இடுக்கில் சல்லியை அடித்து இறுக்கிய கட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கூடையில் சுமந்து கொட்டிய மண். கீழ்க்கட்டுகளில் மரவள்ளி, வாழை, இஞ்சி, கொச்சிக்காய். மேல்கட்டுகளில் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி.

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பெய்தால் மரம் நனையும். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாத நாளுக்குப் பேர் விழாது, பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் பக்கத்து மழையோ வைகாசியில் வரும் விருந்தாளி. 'போகிறேன், போகிறேன்' என்று சொல்லிக்கொண்டே ஆவணி வரைக்கும் பாயைச் சுருட்டாது. அக்கா பால் வெட்டுகிறவள். அந்த மாதங்களில் அவள் வீட்டு அடுப்பு அந்தச் சரிவை நம்பித்தான் எரிந்தது. அவர்களுடைய ஒரே மகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்பில் படித்துக்கொண்டிருந்ததும் மிளகுக்கொடியைப் பிடித்து ஏறித்தான்.

அந்த வருசத்து மழையில் ஓடை பெருகி, கீழே இருந்த இரண்டு கட்டுகளின் அடியைக் குடைந்துவிட்டது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் இரண்டும் ஓடைக்குள் குந்தியிருக்கின்றன. மரவள்ளிச் செடிகள் தலைகீழாக மிதக்கின்றன. மேலே ஒன்பது கட்டு இருக்கிறதே என்று நான் ஆறுதல் சொன்னேன். மச்சான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஒம்பதும் அந்த ரெண்டு தோள்ல ஏறித்தான் நின்னுச்சு மாப்ள. அடுத்த மழைக்கு வரிசையா எறங்கும்."

ஓடையோரம் ஒரு பெரிய கட்டு, அடியில் சிமெந்து போட்டு, யானை மாதிரிக் கற்களை உருட்டிவைத்து எழுப்பினால்தான் மற்றவை நிற்கும். அதற்குத் தனி ஆள் போதாது. கல் நெம்பும் அலவாங்கு வேண்டும், சிமெந்து வேண்டும், நாலைந்து ஆள் வேண்டும். மச்சானிடம் இருந்தது இரண்டு கையும் அடுத்த வைகாசி வரைக்குமான நேரமும்.

அந்த நேரம் பார்த்து என் கண்ணில் அந்தக் கடதாசி பட்டது. பஜாரில் கூட்டுறவுக் கடைச் சுவரில், சிங்களத்தில், பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. சரிவு நிலங்களில் பயிர் செய்கிறவர்களுக்கு மண் கரையாமல் காக்க அரசாங்க உதவி. கல்லுக்கட்டுக்குச் சிமெந்து, அலவாங்கு, கூலிக்கு ஒரு பகுதி, மிளகு நாற்றுக்கூட உண்டு. நான் அதை மூன்று தரம் வாசித்தேன். மச்சானின் கொல்லையைப் பார்த்துவிட்டுத்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நாலு மைலையும் ஓட்டமும் நடையுமாக ஏறிவந்து விசயத்தைச் சொன்னேன். மச்சான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"அது நாட்டுக்காரங்களுக்கு மாப்ள. நமக்கில்ல."

கிராமத்துச் சிங்களச் சனங்களை நாங்கள் நாட்டுக்காரங்க என்போம். "இப்ப நாமளும் நாட்டுக்காரங்கதான் மச்சான். ஒங்க கையில அடையாளக் கார்டு இருக்கா இல்லையா?"

"கார்டு இருக்கு. காணி எங்க இருக்கு?"

"அத எங்கிட்ட விடுங்க."

அக்கா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள். "அவன்கிட்ட விட்டுட்டுப் பேசாம இருக்க வேண்டியதுதான். போன தடவ எனக்குப் பொறப்புச் சாட்சிப்பத்திரம் எடுக்கப் போயி, செத்துப் போனவ பத்திரம் கொண்டாந்தவன்."

அது எழுதுவினைஞரின் தவறு. ஆனால் அதை நான் எத்தனை தரம் சொல்வது?

மறுநாளிலிருந்து தப்பால் பையோடு என் தேடல் தொடங்கியது. முதலில் கிராம சேவகர். நல்ல மனிதர். உட்காரவைத்து, விசயத்தை முழுக்கக் கேட்டு, பெருமூச்சு விட்டு, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார். "மல்லி, லயத்து ஆள்கள் என்னுடைய பதிவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மிதிக்கிற மண் என்னுடைய பதிவில் இல்லை." அதாவது நாங்கள் அவருடைய பிரிவில் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தோம். அடுத்தது ஒரு பெரிய கந்தோர். அங்கே ஒருவர் மிளகு தன்னுடைய பொறுப்பு, கல் தன்னுடைய பொறுப்பு இல்லை என்றார். பக்கத்து மேசைக்காரர் மண் தன்னுடைய பொறுப்பு, ஆனால் அதில் மிளகு இருந்தால் முதல் மேசைக்குப் போக வேண்டும் என்றார். மூன்றாவது மேசையில் ஆள் இல்லை, குடை மட்டும் இருந்தது. வெய்யில் அடிக்கிற நாளில் குடையை விட்டுவிட்டு எங்கே போனார் என்று கேட்டேன். "இருக்கிறார் என்று காட்டுவதற்குத்தான் குடை" என்று சொன்னார்கள். மற்றொரு கந்தோரில் ஓர் அம்மா காணி உறுதி, அதாவது நிலப்பத்திரம், கேட்டார். உறுதி இல்லை என்றேன். அனுமதிப்பத்திரம்? இல்லை. அப்படியானால் என்னதான் இருக்கிறது? "பதினொரு கல்லுக்கட்டு இருந்தது அம்மா, இப்போது ஒன்பது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஜன்னலைச் சாத்தினார்.

ஒவ்வொரு நாளும் மலையேறி வந்ததும் லயத்து வாசலில் கூட்டம் கூடும். "கவுருமெண்டு இன்னைக்கு எத்தன மேச பாத்துச்சு?" என்று கேட்பார்கள். நான் குடைக்காரர் கதையை நடித்தே காட்டுவேன். எல்லாரும் வயிறு பிடித்துச் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால், கல்லுக்கட்டை எழுப்புவதைவிட இந்தச் சிரிப்பு எனக்கு ருசித்துவிட்டது. மாசி போய்ப் பங்குனி வந்ததைக் கவனித்தவர் மச்சான் ஒருவர்தான். அவர் சிரிக்கிற கூட்டத்தில் நிற்க மாட்டார். ஓடையில் இறங்கித் தனியாகக் கல் புரட்டிக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஓர் ஆள் அகப்பட்டார். விவசாயக் கந்தோரில் வெளிக்கள வேலை செய்யும் ஒரு சிங்களப் பெண், நாற்பது வயதிருக்கும். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உறுதியும் கேட்கவில்லை, மேசையும் காட்டவில்லை. "இடத்தைப் பார்க்க வேண்டும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை, ரப்பர் மலைக்குள்ளே வராமல் ஓடையோரமாகச் சுற்றி வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறினார். மேலிருந்து நாலாவது கட்டில் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு மச்சானைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். "இதை எங்கே படித்தீர்கள்?"

"படிக்கல மிஸ். கட்டு விழும், திருப்பிக் கட்டுவேன். திருப்பி விழும்" என்று மச்சான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். என் நினைவில் அவர் ஓர் அரசாங்க ஆளிடம் இத்தனை நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மிஸ் படிவத்தை என்னிடம் தந்து, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். காணி இருக்கும் இடம் என்ற வரியில் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தின் பேரைப் போடு. உரிமையாளர் என்ற கட்டத்தில் 'பயிர் செய்பவர்' என்று மட்டும் எழுது. அந்தக் கிராமத்து விவசாயிகள் சங்கத் தலைவரின் கையெழுத்தை வாங்கு. மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். புறப்படும்போது மறுபடி திரும்பினார்.

"மல்லி, இதைத் தோட்டத்து ஆபீசில் காட்ட வேண்டாம். விளங்கியதா?"

"நல்லா விளங்கிச்சு மிஸ்" என்றேன்.

சங்கத் தலைவர் கையெழுத்துப் போட ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. முன்னொரு தடவை அவர் வீட்டுக் கிணற்றடி மதில் சரிந்தபோது மச்சான்தான் கட்டிக்கொடுத்தாராம். "அந்த மனிதனுக்கா? கொண்டு வா" என்று பேனையைத் தேடினார். எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தால் சித்திரைக்குள் சிமெந்து வந்துவிடும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

அந்தப் படிவத்தின் கீழே, வலது பக்கத்து மூலையில், ஒரு வெற்றிடம் இருந்தது. யாரும் அங்கே எதையும் கேட்கவில்லை. அச்சடித்தவனுக்கு எழுத்துத் தீர்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் கண் அங்கேயே போய் நின்றது.

எங்கள் சனங்களுக்குக் கடதாசி மேல் இருக்கும் பக்தி சாமி மேல்கூடக் கிடையாது. எங்கள் தாய் தகப்பன்மார் ஒரு குடியுரிமைக் கடதாசி இல்லாத காரணத்தால் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுக்கும் ஆகாதவர்களாக ஆயுசைக் கழித்தவர்கள். அதனால் எந்த வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். துணி இருக்கிறதோ இல்லையோ, அதில் கடதாசி இருக்கும். அந்தக் கடதாசிகள் எல்லாவற்றிலும் தோட்டத்துச் சீல் இருக்கும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆபீஸ் துண்டு, அடையாள அட்டைக்கு ஆபீஸ் துண்டு, கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற ஆபீஸ் துண்டு. செத்தவனைப் புதைக்கக்கூட ஆபீசில் சொல்லி எழுதி வாங்குகிற சாதி நாங்கள். துரையின் சீல் விழாத ஒரு கடதாசி உண்மையானது என்று நம்ப எனக்குப் பழக்கமில்லை. கிராமத்தில் பிறந்த எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வெற்றிடம் உப்புப் போடாத கிழங்கு மாதிரி என் தொண்டையில் நின்றது.

திங்கட்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் ஐயா படிவத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"ஏன்டா, இத உள்ளுக்குக் கொண்டு போகத்தான் வேணுமா?"

"ஒரு சீல் விழுந்தா கெட்டியா இருக்கும்ங்க ஐயா."

"விழும்டா. விழும்" என்று சொல்லிவிட்டு அவர் தன் பேரேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

பழைய துரைமாராக இருந்தால் கடதாசியைப் பார்த்ததும் கத்தியிருப்பார்கள், நானும் தப்பித்து ஓடியிருப்பேன். இவர் கம்பனி அனுப்பிய இளந்துரை. சிங்களத்தில் மரியாதையாகப் பேசுவார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அத்தனை வருசத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்ததும் என் புத்தி எழுந்து வெளியே போய்விட்டது. எத்தனை கட்டு என்று கேட்டார், சொன்னேன். யார் கட்டியது என்று கேட்டார், சொன்னேன். மண் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். நான் எழுந்து நின்று, முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டி, அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

"இப்ப அந்த எடத்துல ரப்பரே வரும் சேர்!"

துரை சிரித்தார். நானும் சிரித்தேன். வெற்றிடத்தில், என்னால் எழுத்துக்கூட்ட முடியாத கிறுக்கல் இங்கிலீசில் இரண்டு வரி எழுதி, கையெழுத்து வைத்து, தன் கையாலேயே சீல் அடித்துத் தந்தார். மை காயட்டும் என்று நான் ஊதிக்கொண்டே வெளியே வந்தேன். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். பிளேன்டீக் கடைக்காரருக்கும் காட்டினேன். அன்றைக்குச் சீனி போதாது என்று சண்டை பிடிக்கவில்லை.

மிஸ் அந்த இரண்டு வரியை வாசித்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"மல்லி, இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?"

"சிபாரிசு மிஸ்."

"இந்தக் காணி தோட்டத்துக்குச் சொந்தமானது. இந்த ஆள் தோட்டத்தின் தொழிலாளி. அவருக்கு இதில் எந்த உரிமையும் இல்லை." அவர் படிவத்தை மேசைமேல் வைத்து, என் பக்கமாக மெதுவாகத் தள்ளினார். "இதை நான் இனி எப்படி வாங்குவது? நான் உன்னிடம் ஒன்றுதானே சொன்னேன்?"

வேறொரு படிவம் தாருங்கள், சீல் இல்லாமல் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். துரை ஏற்கனவே அந்தக் கந்தோருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டாராம். நான் ஊதி ஊதி மையைக் காயவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பேசியிருப்பார்.

அந்த வியாழக்கிழமை துரை சரிவைப் பார்க்க வந்தார். கூட வந்த தோட்டத்து வெளிக்கள ஐயா குடை பிடித்தார். துரை ஒவ்வொரு கட்டாக ஏறி, மச்சானின் தோளில் தட்டி, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்றார். மச்சான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தான் என்னத்துக்குப் பாராட்டப்படுகிறார் என்பது, எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சரியாக ஏழு நாள், ஒரு கிழமையில் ஆபீசிலிருந்து கடிதம். தோட்டத்துக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார் வேலை? அதையும் நானே கொண்டுபோனேன். இங்கிலீசுக் கடிதம். மச்சான் உறையைப் பிரிக்காமல் என்னிடமே திருப்பித் தந்து, "படி" என்றார். எழுத்துக் கூட்டி வாசித்து, தமிழில் சொன்னேன். இரண்டு கிழமைக்குள் பயிர்களை அகற்ற வேண்டும். தவறினால் தோட்டம் அகற்றும். கட்டுகளைச் சேதப்படுத்தக் கூடாது. கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

அக்காதான் பேசினாள். "ஏன்டா, இதுக்கும் ஒரு பாரம் இருக்குமே. நெரப்பலையா?"

நிரப்பினேன். வெட்கம் கெட்டவன், அதையும் செய்தேன். மிளகு முற்ற இன்னும் இரண்டு மாதம் வேண்டும், அதுவரைக்குமாவது விடுங்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் மனு எழுதி, மூன்று இடத்துக்கு அனுப்பினேன். யூனியன் தலைவரிடமும் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "எழுத்து ரொம்ப அழகா இருக்குய்யா" என்றார்.

சித்திரை வருசப்பிறப்புக்கு முன்னால் மிளகுக்கொடிகளை வெட்டி இறக்கினார்கள். பச்சை மிளகு காலடியில் நசுங்கி, லயம் முழுக்க அதன் வாசனை. அப்புறம் நாங்கள் கேட்ட உதவி எல்லாம், தோட்டத்தின் பேருக்கு, வந்தது. பொய் சொல்லவில்லை, ஒன்று குறையாமல் வந்தது. சிமெந்து வந்தது. புது அலவாங்குகள் வந்தன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆறு ஆள் வந்தார்கள். அவர்களில் மச்சானும் ஒருவர். மழைக்கு முன்னால் ஓடையோரக் கட்டு எழும்பிவிட்டது. அப்படி ஒரு கட்டை எங்கள் பக்கம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மச்சான் எப்படி நினைத்திருந்தாரோ அப்படியே இருந்தது.

பிறகு துரை என்னைக் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்களும் அரசாங்க ஆள்களும் அந்த இடத்தைப் பார்க்க வருகிறார்களாம். மூன்று மொழியில் பலகை வைக்க வேண்டும். "உன் கையெழுத்து அழகு என்று கேள்விப்பட்டேன்" என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சட்டைக்குள்ளேயே ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். வாய் வரைக்கும் வரவில்லை. பச்சைப் பெயின்டைக் குழைத்து, 'மண் பாதுகாப்பு மாதிரி நிலம். அனுமதியின்றி உட்புகுதல் தடை' என்று எழுதினேன். கோணலாக எழுதிப் பழிதீர்க்கலாம் என்றுகூட நினைத்தேன். பழக்கதோசம், எழுத்து முத்து முத்தாக வந்துவிட்டது.

அந்த வைகாசி மழை வழக்கத்தைவிட நீண்டது. பால் வெட்டில்லாத நாள்களில் அக்கா பஜாரிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வாங்கி வந்தாள். அவள் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மகள் ஏ.எல். இரண்டாம் வருசத்தைப் பாதியில் விட்டுவிட்டு, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பெண்ணோடு கொழும்புப் பக்கம் கார்மெண்ட் தையல் வேலைக்குப் புறப்பட்டாள். பஸ் ஏற்ற நானும் போனேன். "அங்க போயி ஏதாவது பாரம் நெரப்பணும்னா எழுதிப் போடு" என்று பகிடியாகச் சொன்னேன். என் பகிடிக்கு எப்போதும் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். அன்றைக்கு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

லயத்தில் யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் வினோதம். குடைக்காரர் கதையைச் சொல் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கவுருமெண்டு என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. கேலி செய்யாமல் விட்டால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு குளிரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

மழை விட்ட ஒரு காலையில் தப்பால் பையோடு சரிவுப் பக்கம் போனேன். பெரியவர்கள் ஏறிப் பார்க்க வசதியாக, மேலிருந்து நடுவாலே ஒரு பாதை போட வேண்டும் என்று உத்தரவு. அதற்காக மேல்கட்டு மூன்றில் வாய் பிளக்க வேண்டும். அந்த வேலையை மச்சானிடம்தான் கொடுத்திருந்தார்கள். எந்தக் கல்லைத் தொட்டால் எந்தக் கல் விழும் என்று வேறு யாருக்குத் தெரியும்? அவர் அலவாங்கைக் கல்லிடுக்கில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். நான் கீழே, மேலிருந்து மூன்றாவது கட்டின் ஓரமாக நின்றேன்.

ஏதாவது பகிடியாகத் தொடங்கலாம் என்று பார்த்தேன். துரை வரும் பாதைக்குச் சிவப்புக் கம்பளம் போடச் சொல்லி நான் ஒரு மனு எழுதட்டுமா என்று கேட்கலாம். நல்ல பகிடிதான். சொல்லவில்லை.

"மச்சான்" என்றேன்.

அவர் நெம்பிக்கொண்டே இருந்தார். நெற்றி வேர்வை அலவாங்கின் மேல் சொட்டியது.

"அந்த மிஸ் சொன்னப்பவே கேட்டிருக்கணும். நான் ஆபீசுக்குப் போயிருக்கக் கூடாது. அந்த நாற்காலியில ஒக்காந்திருக்கவே கூடாது. எனக்குத் தெரியுது மச்சான். ஒரு வார்த்த ஏசுங்க. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க. இப்பிடிப் பேசாம இருக்காதீங்க. ஒங்களுக்கு எம்மேல கோவமா?"

மச்சான் அலவாங்கைப் பிடித்தபடியே திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல், நான் கால் வைத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"தள்ளி நில்லு, கல்லு வருது."